உப்புக்கு வந்த பட்டாம்பூச்சி

ஸ்டூடியோக்காரர் முப்பத்தாறு போட்டோவையும் கண்ணாடி மேஜை மேல் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"தம்பி, இதுல ஆளு யாரு?"

"ஆளு இல்லண்ணே. பட்டாம்பூச்சி."

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு போட்டோவை வெளிச்சத்தில் பிடித்தார். "அடப்பாவி! நெகட்டிவ்ல தூசின்னு நெனைச்சு ரெண்டு வாட்டி தொடைச்சேன்பா!"

முப்பத்தாறிலும் அதே கதைதான். ஒரு புதர், கொஞ்சம் வானம், நடுவில் கடுகு சைஸில் ஒரு புள்ளி. ஒன்றில் மட்டும் என் கட்டைவிரல் மலை மாதிரி நின்றது. பட்டாம்பூச்சி அந்த மலைக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

இது நடந்தது 1996 ஐப்பசியில். எனக்கு வயசு இருபத்து நாலு. வாலாஜாபேட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கெழுதும் உத்தியோகம். சம்பளம் ஆயிரத்து நூறு ரூபாய். கலர் ரோல் வாங்கி, கழுவி, பிரிண்ட் போட்டு வாங்கியதில் அதில் கால்வாசி காலி. கடுகு இவ்வளவு விலைக்கு எந்த மளிகைக் கடையிலும் விற்றதில்லை.

எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் பிடித்தது என்று நீங்கள் கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

எங்க ஊர் நெமிலி. இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். அப்போது வேலூரோடு இருந்தோம். தெலுங்கில் 'நெமலி' என்றால் மயில். பெயரில் மயில், ஊரை ஒட்டி கொசஸ்தலை ஆறு, இந்தப் பக்கம் போனால் அரக்கோணம் ரயில், அந்தப் பக்கம் போனால் ராணிப்பேட்டை தோல் ஷாப்புகள். படித்தவன் ரயிலேறி மெட்ராஸ் போவான். படிக்காதவன் பஸ்ஸேறி தோல் ஷாப்புக்குப் போவான். என்னை மாதிரி பாதி படித்தவன் வாலாஜாவில் இறங்கிக்கொள்வான்.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் அடைமழை விட்டுப் பளீரென்று வெயில் அடித்தது. ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தேன். கறுப்பு கறுப்பாக, இறக்கையில் வெளிர்நீலப் பொட்டும் கோடுமாக ஒரு பட்டாம்பூச்சி தலைக்கு மேலே போனது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் நாலு. அப்புறம் எண்ண முடியவில்லை. வழக்கமாகப் பட்டாம்பூச்சி என்றால் குடித்தவன் மாதிரி இங்கும் அங்கும் தள்ளாடித்தானே போகும்? இவை அப்படியில்லை. எல்லாம் ஒரே திசை, மேற்கே. அரக்கோணம் ஸ்டேஷனில் ஏழு மணி வண்டியைப் பிடிக்க ஓடுகிற கூட்டம் மாதிரி ஒரே குறி.

பிற்பாடு புத்தகங்களைப் புரட்டித்தான் விஷயம் தெரிந்தது. ப்ளூ டைகர், டார்க் ப்ளூ டைகர், காமன் க்ரோ என்று இதில் சில ஜாதிகள் உண்டு. தென்மேற்குப் பருவமழை கொட்டுவதற்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கிளம்பி நம் கிழக்குச் சமவெளிப் பக்கம் வந்துவிடும். ஐப்பசி வாக்கில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மறுபடி மேற்கே திரும்பும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்! டிக்கெட் கிடையாது, ரிசர்வேஷன் கிடையாது, டி.ஏ., டி.டி.யே. பில்லும் கிடையாது.

பாடப்புத்தகத்தில் 'இலையுதிர் காலம்' என்று ஒன்று வரும். எங்க ஊர் மரங்களுக்கு அந்த விஷயமே தெரியாது. எங்களுக்கு அந்த இடத்தில் இருப்பது ஐப்பசி, கார்த்திகை. இரண்டு மழைக்கு நடுவே கிடைக்கிற நாலு மணி நேர வெயில். பூமி பூரா ஈரம், வேலி பூரா பூ. பட்டாம்பூச்சிக்கு அதுதான் தீபாவளி சீஸன்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்த மறுநாளே சிநேகிதன் ஒருவனிடம் கேமரா கடன் வாங்கினேன். பட்டனை அமுக்கினால் போதும், மற்றதை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிற வகை. எதை எதைப் பார்க்காது என்று சிநேகிதனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று ஞாயிறு அலைந்தேன். பட்டாம்பூச்சியோடு பழகினால் ஒரு விஷயம் புரியும்: அது அசல் ஆபீஸ் உத்தியோகஸ்தன். காலை ஆறு மணிக்குப் போய் நின்றால் ஒன்றும் இருக்காது. உடம்பு சூடேறாமல் அதால் பறக்க முடியாது. இறக்கையை விரித்து வெயிலில் காய்ந்து, சுமார் முப்பது டிகிரி சூடு ஏறியபின் ஒன்பது ஒன்பதரைக்குத்தான் சீட்டுக்கு வரும். மேகம் மூடினால் ஹாஃப்-டே லீவ். தூறல் போட்டால் காஷுவல் லீவ். இலைக்கு அடியில் போய்த் தொங்கிக்கொள்ளும்.

அதிலும் மேலதிகாரிக்குச் சொந்தக்காரன் மாதிரி பவிசு காட்டுகிற ஆசாமிகள் உண்டு. எருக்கஞ்செடியைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒன்று சாவகாசமாகப் பறக்கும். 'வெந்தய வரியன்' என்று இப்போது தமிழில் அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் புழு எருக்கிலையைத் தின்று வளர்வதால் உடம்பெல்லாம் விஷம். ஒரு தரம் கொத்திய குருவி வாந்தி எடுத்துவிட்டு, ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் திரும்பாது. இதைத் தெரிந்துகொண்டு, துளி விஷமும் இல்லாத வேறொரு ஜாதிப் பெண் பட்டாம்பூச்சி அச்சு அசல் அதே ஆரஞ்சுச் சேலையைக் கட்டிக்கொண்டு தைரியமாக உலாத்தும். நம் ஆபீஸிலும் இந்த ரகம் உண்டா இல்லையா, சொல்லுங்கள்!

இப்படி எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்த முப்பத்தாறும்தான் கடுகாய்ப் போயின.

ஸ்டூடியோக்காரர் நல்ல மனுஷர். டீ வரவழைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்தக் கேமராவுக்கு அஞ்சு அடி தள்ளி இருந்தாத்தான் கண்ணு தெரியும். கிட்ட போனா மங்கும். தள்ளி நின்னா உன் பூச்சி கடுகாப் பூடும். இது மனுஷாளை எடுக்கற கேமராப்பா. வூட்ல அம்மா, நைனா இருக்காங்கல்ல? அவங்கள எடேன்."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அம்மா சரி. நைனாவை எப்படி எடுப்பது?

எங்க பக்கம் அப்பாவை நைனா என்போம். என் நைனாவுக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் வேலை. உப்பு உதறுகிற வேலை. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். நூறு கிலோ பச்சைத் தோலுக்கு நாற்பது கிலோவுக்குக் குறையாமல் உப்பு பிடிக்கும். ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை, அந்த உப்பை உதறுவது. ஒவ்வொரு தோலாக எடுத்து ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டும். அப்புறம்தான் ஊறப்போடுவது, சுண்ணாம்பு போடுவது, முடி எடுப்பது எல்லாம். நைனா இருபத்தெட்டு வருஷம் உதறினார். உள்ளங்கை வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி, அது ஆறுவதற்குள் அடுத்த நாள் வந்துவிடும்.

அப்புறம் அந்த வாடை. குளித்தாலும் போகாது. நீங்கள் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பஸ்ஸில் போயிருந்தால் தெரியும், நான் விவரிக்க வேண்டியதில்லை.

இப்போது சொல்லப்போவதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் நைனா ராணிப்பேட்டையில் ஏறுகிற அதே பஸ்ஸில்தான் நான் வாலாஜாவில் ஏறுவேன். அவர் கடைசி சீட்டில் இருப்பார். பக்கத்து சீட் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். காரணம் உங்களுக்கே புரியும். நான் முன்பக்கம் ஏறி, டிரைவர் பக்கத்தில் நின்றுகொள்வேன். என்னோடு ஏறுகிறவர்கள் பேங்க், தாலுகா ஆபீஸ் என்று வெள்ளைச் சட்டைக்காரர்கள். இன்ஷர்ட் செய்த என் சட்டைக்கும் அந்தக் கடைசி சீட்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர்களுக்குத் தெரியக் கூடாது. முதல் நாள் நைனா என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்தேன். பல்லவர் காலத்து ஏரி. பார்க்க வேண்டிய ஏரிதான்.

மறுநாளிலிருந்து அவர் கையைத் தூக்கவில்லை. நெமிலியில் நான் முன்படியில் இறங்குவேன், அவர் பின்படியில் இறங்குவார். வீட்டுக்கு இருபதடி இடைவெளியில் நடப்போம். ஒன்றரை வருஷம் இப்படி. வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபித்துக்கொண்டு ஓர் அறை விட்டிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்தத் தீபாவளி போனஸில் இன்னொரு ரோல் வாங்கினேன். 'ஒன்றாவது கடுகைவிடப் பெரிசாக விழாதா' என்ற நப்பாசை. அடுத்த ஞாயிறு ஆற்றங்கரைக்குப் போனேன். கிலுகிலுப்பைச் செடியில் ஒரு நீலவரிப் பட்டாம்பூச்சி. குனிந்து, ஓரடி, இன்னும் ஓரடி... சேறு வழுக்கியது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே முழுசாக உட்கார்ந்தேன். கேமரா தப்பித்தது. பேண்ட் தப்பவில்லை. ஆடு மேய்க்கிற பையன் ஒருவன், "இன்னாண்ணா, பூச்சி தள்ளிடிச்சா?" என்று அக்கறையாக விசாரித்தான்.

வீட்டுக்கு வந்து, யாரும் பார்ப்பதற்குள் கழுவிக்கொள்ளலாம் என்று கொல்லைப்பக்கம் போனேன். அங்கே நைனா, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஒரு வாரத்து வேலைத் துணியை அலசிக்கொண்டிருந்தார். அம்மாவைத் தொட விட மாட்டார். உப்புப் பட்டால் கை எரியுமாம். அலசிய தண்ணீரை அப்படியே மண்ணில் ஊற்றுவது வழக்கம்.

அந்த ஈர மண்ணில், அவர் காலைச் சுற்றி, நாற்பது ஐம்பது பட்டாம்பூச்சி!

வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாக, இறக்கையைக் கூப்பிக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக. கொன்னை வெள்ளையன்தான் அதிகம். நடுவே சின்னச் சின்ன மஞ்சள் பூச்சிகள். எலுமிச்சைச் செடிக்கு வருகிற புள்ளிக்காரர்கள் இரண்டு பேர். சுருட்டி வைத்த உறிஞ்சுகுழலை நீட்டி மண்ணை உறிஞ்சுகின்றன. நைனா காலை நகர்த்தினால் கொஞ்சம் எழும்பி, மறுபடி அதே இடத்தில் உட்காருகின்றன. ஒன்று அவர் மணிக்கட்டில் நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

"இன்னாடா, பேண்ட்டெல்லாம் சேறு?" என்றார் நைனா.

"இது... இதெல்லாம் எப்போ வந்துச்சு?"

"இதுங்களா? மழக்காலத்துல வாராவாரம் வருங்க. நீ எங்கடா போய்த் தேடற?"

பூவில் தேன் இருக்கிறது, ஆனால் உப்பு இல்லை. இலையிலும் ரொம்பக் கம்மி. அதனால் பட்டாம்பூச்சி, அதிலும் முக்கியமாக ஆண் பட்டாம்பூச்சி, உப்புத் தேடி ஈர மண்ணுக்கு வரும், சாணத்துக்கு வரும், வேர்வைக்கும் வரும். உறிஞ்சிய உப்பைத் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. கல்யாணத்தின்போது பெண்ணுக்குச் சீராகக் கொடுத்துவிடும். அது முட்டைக்குப் போய்ச் சேரும். மாப்பிள்ளை வீட்டார்தான் சீர் செய்ய வேண்டும். நம்ம ஊர் வாலிபர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்கவும்.

இதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தோன்றியது ஒன்றுதான்: நான் மூன்று வாரம் முள்ளிலும் சேற்றிலும் தேடியது, நைனாவின் உப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

"நைனா, அப்படியே உக்காரு. போட்டோ எடுக்கறேன்."

அவருக்குப் புரியவில்லை. "பூச்சியத்தானே? நான் நவுந்துக்கறேன்."

"இல்ல, நீயும்தான்."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். சட்டென்று எழுந்திருக்கப் போனார். "இரு இரு, வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்துடறேன்."

"வேணாம் நைனா. இப்படியே இரு."

"ஆபீஸ்ல யாருக்காச்சும் காட்டுவியேடா..."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். குத்திக்காட்டத் தெரிந்த மனுஷர் இல்லை. எனக்குத்தான் தொண்டையில் ஏதோ அடைத்தது. ஸ்டூடியோக்காரர் சொன்னபடி அஞ்சு அடி தள்ளி நின்றேன். அந்தக் கேமராவுக்குக் கண் தெரிகிற தூரம். குட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோதுதான் நைனாவின் கைகளை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். கோடை ஏரி வெடித்த மாதிரி இருந்தது. அமுக்கினேன்.

பிரிண்ட் வந்தது. ஸ்டூடியோக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றாமலே பார்த்தார். "இதாம்பா போட்டோ" என்றார். அதற்குக் காசு வாங்கிக்கொண்டார்; அது வேறு விஷயம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் பின்படியில் ஏறினேன். நைனா பதறிப்போய், "முன்னாடி எடம் கீது பாரு, போ" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து போட்டோவைக் கையில் கொடுத்தேன். வாடை அடிக்கவில்லை என்றெல்லாம் கதை விடமாட்டேன். அடித்தது. காவேரிப்பாக்கம் வரை மூச்சை அளந்துதான் விட்டேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது. இருபத்தெட்டு வருஷம் அவருக்குப் பழகியதுபோல அல்ல; ஒரு பஸ் பிரயாணத்துக்குப் போதுமான அளவு. நைனா நெமிலி வரும்வரை போட்டோவைத் திருப்பித் தரவில்லை.

போட்டோ மறுநாள் ஆபீஸில் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் போனது. மேனேஜர் குனிந்து பார்த்து, "யாருய்யா இது?" என்றார். "எங்கப்பா ஸார். தோல் ஷாப்புல வேலை." அவர், "பட்டாம்பூச்சியக் கேட்டேன்யா" என்றார். ஒன்றரை வருஷம் நான் ஒளித்துவைத்த ரகசியத்துக்கு ஊரில் அவ்வளவுதான் மதிப்பு!

அந்த உப்பு வெறும் அமிர்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளின் கழிவால் தண்ணீரும் நிலமும் கெட்டுவிட்டன என்று வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று போட்ட வழக்கு அது. ஷாப்புக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதி செய்தால்தான் நடத்தலாம், இல்லாவிட்டால் மூடு என்று தீர்ப்பு. நைனா உதறிய மாதிரி ஆயிரம் பேர் உதறிய உப்பும் தண்ணீரோடு போய்க் கிணறுகளைக் கரிக்க வைத்ததில் சேர்த்திதான். "கோர்ட்டு சொல்றது நாயந்தான்டா. அந்தக் கெணத்துத் தண்ணிய நானே வாயில வைக்க மாட்டேன்" என்றார் நைனா. கொஞ்சம் பொறுத்து, "வேல போச்சுன்னா இன்னா பண்றது?" என்றார். இரண்டும் ஒரே மனுஷர் சொன்னதுதான், இரண்டும் நிஜம்தான். ஒரு கை பட்டாம்பூச்சிக்குப் போதும். ஓர் ஆற்றுக்கு அது அதிகம்.

இன்னொரு பழைய சம்பந்தமும் உண்டு. அந்த வெள்ளைப் பட்டாம்பூச்சிக் குடும்பத்தின் புழுக்கள் தின்பது கொன்றை, ஆவாரை இலைகளை. க்ரோம் வருவதற்கு முன்னால் நம் பக்கத்தில் தோல் பதப்படுத்தியது ஆவாரம்பட்டையில். இலை பட்டாம்பூச்சிக்கு, பட்டை தோலுக்கு. ரொம்ப காலமாக ஒரே செடியில் பங்காளிகள்!

நைனா இப்போது இல்லை. வீட்டில் வாஷிங் மெஷின் வந்துவிட்டது. அலசிய தண்ணீர் குழாய் வழியாகவே வெளியே போய்விடுகிறது. தமிழ்நாட்டுக்கு 2019-ல் 'தமிழ் மறவன்' என்று மாநிலப் பட்டாம்பூச்சியே அறிவித்துவிட்டார்கள். என் பையன் செல்போனை மூக்கருகில் கொண்டுபோய், வெந்தய வரியனின் கண்ணையே எடுத்துக் காட்டுகிறான். ஒரு நாளைக்கு முன்னூறு படம், பைசா செலவில்லை. அத்தனையையும் பார்த்துவிட்டு, பழைய போட்டோவில் பூச்சி கொஞ்சம் சின்னதுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

உங்களுக்கும் ஆசை இருந்தால் வழி ரொம்ப சுலபம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறியதும், கொல்லையில் ஒரு முழ மண்ணை நன்றாக நனைத்து, ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்துத் தெளித்துவிட்டு, அஞ்சு அடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். நான் வருஷா வருஷம் செய்கிறேன். நாலு வரும், ஐந்து வரும். ஒரு தரம் பன்னிரண்டுகூட வந்தது.

நைனாவுக்கு வந்த கூட்டம் எனக்கு இதுவரை வந்ததில்லை. என் கையில் அவ்வளவு உப்பு இல்லை.